செங்கல் சுவரில் கொட்டிய பச்சைப் பெயிண்டும் நான் பட்ட பாடும்

எங்கள் வீட்டு முன்மதில் பூச்சு இல்லாத செங்கல் சுவர். பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. 1986இல் அப்பா எங்கள் கொல்லையிலேயே மண் வெட்டி, உமி கலந்து மிதித்து, கல் அறுத்து, அங்கேயே காளவாய் போட்டுச் சுட்ட கல் அது. வீட்டுக்குப் போக மிஞ்சிய கல்லில் மதில் எழுப்பினார். பூசுவதற்குக் கையில் பணம் இல்லை. சுண்ணாம்புக் காரையால் இடுக்குகளை மட்டும் அடைத்து அப்படியே விட்டார். பிறகு பணம் வந்தபோதும் அவர் பூசவில்லை. மழை பெய்து ஓய்ந்ததும் அந்தச் சுவர் கருஞ்சிவப்பாக மாறி நிற்கும். திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் இப்போது நானும் அம்மாவும் மட்டும். நான் பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளியில் வேலை பார்க்கிறேன்.

2023 தை மாதம் ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்கு. எங்கள் பக்கத்தில் குடமுழுக்கு என்றால் கோயிலுக்கு மட்டும் வண்ணம் அடிப்பதில்லை, தெருவே அடித்துக்கொள்ளும். நாங்களும் முன்கேட்டுக்குப் பச்சை எனாமல் அடிக்கலாம் என்று ஒரு தம்பியை வரச் சொன்னோம். நல்ல வேலைக்காரர்தான். நான்கு லிட்டர் டப்பாவைத் திறந்து மதில் தூணின் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் நின்று அடித்துக்கொண்டிருந்தார். ஏணியின் ஒரு கால் கேட்டுக்குப் பக்கத்து மண்ணில் இறங்கியது. அவர் பிடிமானத்துக்குத் தூணைப் பற்றினார். டப்பா சரிந்தது. ஒன்றரை லிட்டராவது இருக்கும், சுவரின் முகத்தில் மேலிருந்து கீழாக வழிந்தது. மூன்று அடி அகலம், நான்கு அடி உயரம். அதில் சுமார் ஐம்பது கல்.

இந்த இடத்தில்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில் நாங்கள் செய்ததுதான் பிறகு ஒரு வருடம் என்னைப் படுத்தியது. அந்தத் தம்பி பதறிப்போய், பனியன் வேஸ்ட் துணியை டர்பன்டைனில் முக்கி அழுத்தித் துடைத்தார். துணி பச்சையாக வந்ததால், போகிறது என்று நினைத்தோம். நானும் கையில் துணியை எடுத்துக்கொண்டேன். கேனில் இருந்த மிச்ச டர்பன்டைனைச் சுவரின் மேலேயே ஊற்றினேன். பெயிண்ட் கரைந்தது உண்மை. ஆனால் கரைந்த பெயிண்டைக் கல் குடித்தது. கெட்டியாக மேலே நின்றிருந்தது தண்ணீர்போல ஆகி உள்ளே இறங்கியது. துடைத்த திசையெல்லாம் பக்கத்துக் கல்லுக்கும் காரைக்கும் பரவியது. மூன்று அடிக் கறை ஆறு அடி அகலப் பச்சை மேகமாக ஆனது. ஐம்பது கல், நூறு கல் ஆயிற்று.

செங்கல் இரும்போ டைல்ஸோ இல்லை. நன்றாகச் சுட்ட சாதாரணச் செங்கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டால், தன் எடையில் 20 சதவீதம் வரைக்கும் தண்ணீரை இழுக்கலாம் என்று இந்தியத் தர விதியே அனுமதிக்கிறது. மூன்று கிலோ கல் என்றால் அரை லிட்டருக்கு மேல். அப்படிக் குடிக்கிற ஒரு பொருளின் மேல் பெயிண்டை இளக்கி ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஈரப் பெயிண்ட் கொட்டிவிட்டால் துடைக்கவே கூடாது. வழிகிறதை முதலில் ஓரம் மழுங்கிய பட்டித் தகட்டால் கீழிருந்து மேலாக, வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து எடுக்க வேண்டும். அப்புறம் பழைய செய்தித்தாளையோ பருத்தித் துணியையோ வைத்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதுத் தாள். தரையில் கொட்டியது என்றால் உலர்ந்த மணல், உமிச் சாம்பல், மரத்தூள் என்று கைக்கு எது கிடைக்கிறதோ அதை அள்ளிப் போட்டு மூடிவிட்டு, அது பெயிண்டை இழுத்துக்கொண்ட பிறகு அள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சாக்கு உமி கிடந்தது. இருபது அடி தூரத்தில். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அந்தத் தம்பி கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டு நாள் கூலியைக் கொடுத்துத்தான் அனுப்பினேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்பா கட்டிய சுவர் என்பதை அம்மா வாயைத் திறந்து சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு யோசனை. முதலில் வயர் பிரஷ். அறுபது ரூபாய்க்கு ஒன்று என்று மூன்று வாங்கினேன். ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன். மேலே இருந்த தோல் கொஞ்சம் உரிந்தது, ஆனால் பள்ளங்களில் இருந்த பச்சை அசையவில்லை. தைப்பனி நன்றாக இறங்குகிற காலம் அது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் தேய்த்த இடமெல்லாம் மெல்லிய பழுப்புக் கோடுகள். பிரஷ்ஷின் இரும்பு இழைகள் சிறுசிறு துணுக்காக ஒடிந்து கல்லின் துளைகளில் மாட்டிக்கொண்டு துருப்பிடித்திருந்தன. பச்சைக்கு மேல் துரு.

அடுத்தது ஆசிட். குளியலறை கழுவுகிற ஆசிட்டை ஊற்றினால் எதுவும் போய்விடும் என்று ஹார்டுவேர் கடையிலும் சொன்னார்கள், தெருவிலும் சொன்னார்கள். ஆறு லிட்டர் வாங்கினேன். ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது. பெயிண்ட் கரைகிறது என்று சந்தோஷப்பட்டேன். நுரைத்தது பெயிண்ட் இல்லை, அப்பா வைத்த சுண்ணாம்புக் காரை. அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கண்டால் கரைத்து வாயுவாக வெளியேற்றும். எனாமலை அது ஒன்றும் செய்யாது. கொத்தனார்கள் கல்லில் சிந்திய சிமெண்டை எடுக்க அதைப் பயன்படுத்துவார்கள், பெயிண்டுக்கு அதனிடம் வேலையே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கட்டைவிரல் நகத்தால் இடுக்கைச் சுரண்டினேன், மணலாக உதிர்ந்தது. கல்லில் இருக்கிற இரும்புச் சத்தோடு ஆசிட் சேர்ந்து அங்கங்கே மஞ்சள் திட்டுகளும் வந்தன. மூச்சிலும் அந்தக் காரம் ஏறி இரண்டு நாள் இருமினேன். தயவுசெய்து செங்கல்லில் பெயிண்ட் போக்க ஆசிட் வாங்காதீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொறுமை போய்விட்டது. ஒரு கொத்தனாரை வரவழைத்து, கிரைண்டிங் மெஷினில் உப்புத்தாள் தட்டு மாட்டித் தேய்க்கச் சொன்னேன். செந்தூள் பறந்தது. ஒரு கல், இரண்டு கல் என்று பளிச்சென்று பச்சை மறைந்து இளஞ்சிவப்பாக வந்தது. ஆஹா என்று பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். சாயந்திரம் திரும்பி வந்தபோது ஒன்பது கல் முடிந்திருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கப் பொடி. மற்ற கல்லெல்லாம் தட்டினால் மணிபோலக் கேட்கிறது, இந்த ஒன்பதும் பொத்பொத்தென்று. அப்போதுதான் ஏதோ தப்பாகப் போகிறது என்று வயிற்றைப் பிசைந்தது. மறுநாள் வந்தவரை, வேலை வேண்டாம் என்று அரை நாள் கூலியும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினேன். ஒன்றரை நாள் கூலி 1,950, தட்டுகளுக்கு 300.

இந்த நிலையில் எல்லோரும் சொன்ன தீர்வு, மொத்தத்தையும் சிமெண்ட் வைத்துப் பூசி வெள்ளை அடித்துவிடு என்பதுதான். ஒருவர் 14,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். நானும் சரி என்று சொல்லுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர், தன் மாமனார் பழைய கட்டட வேலை தெரிந்த கொத்தனார் என்றும், சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் பழைய வீடுகளைச் சீர்செய்த வேலைக்குப் போனவர் என்றும் சொல்லி அவரை அழைத்து வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. சுவரைத் தடவினார், கரண்டிக் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினார், இடுக்கில் இருந்து உதிர்ந்த காரையை எடுத்து விரலில் நசுக்கினார். “டீச்சரம்மா, பெயிண்ட் கொட்டியதுல இந்தச் சுவருக்குப் பத்துல ரெண்டு பங்கு சேதம். பாக்கி எட்டும் நீங்க எடுக்கப் போனதுல வந்தது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். சூளையில் கல்லின் வெளிமுகம்தான் அதிகச் சூட்டை வாங்கி இறுகுகிறது. காளவாயில் சுட்ட நாட்டுக் கல்லில் இது இன்னும் அதிகம். மேல் தோல் கெட்டி, உள்ளே மென்மை. அந்தத் தோலை மெஷினில் சீவிவிட்டால் மழையும் உப்பும் நேராக உள்ளே போகும், கல் வருடா வருடம் பொடியும். கார் கழுவுகிற பம்பில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலும் இதே கதைதான், காரையும் சேர்ந்து போகும். சிமெண்ட் பூச்சு ஏன் வேண்டாம் என்பதற்கும் அவர் காரணம் சொன்னார். எங்கள் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் தரையே ஈரமாக இருக்கும். அந்த ஈரம் சுவரில் ஏறி, கல்லும் சுண்ணாம்புக் காரையும் வழியாக வெளியேறிக் காய்கிறது. மேலே சிமெண்ட் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பைத் தள்ளி, சில வருடத்தில் பூச்சையே உப்ப வைத்து உதிர்க்கும். அப்போது கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். வாட்டர்புரூஃப் என்று மினுமினுப்பாக ஒன்று அடிக்கிறார்களே, அதற்கும் இதே பதில்.

எனாமலைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்ட ஒன்று. அது தண்ணீர்போல வெறுமனே ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் பின்னிக்கொண்டு இறுகுகிறது. இறுகிவிட்ட பிறகு டர்பன்டைனில் கரையாது. அதனால்தான் முதல் நாள் கரைந்தது பத்தாம் நாள் கரையவில்லை. காய்ந்த எனாமலுக்குத் தேவை அதை ஊத வைத்துத் தூக்குகிற பெயிண்ட் ரிமூவர். அதுவும் தண்ணீர்போல ஓடுவது இல்லை, கூழ்போலக் கெட்டியாக இருப்பது. கும்பகோணத்தில் லிட்டர் 550 என்று மூன்று லிட்டர் வாங்கினேன்.

முதலில் சோதனை. கேட்டுக்குப் பின்பக்கம், கண்ணில் படாத கீழ்மூலையில், பச்சை தெறித்திருந்த ஒரே ஒரு கல்லைத் தேர்ந்து அதில் மட்டும் செய்து, ஒரு வாரம் விட்டுப் பார்க்கச் சொன்னார் பெரியவர். அந்த ஒரு வாரம் எனக்குக் கசந்தது. ஆனால் அதற்குள் கல்லில் வெளுப்போ மஞ்சளோ வராததைப் பார்த்த பிறகு வந்த தைரியம் வேறு. இந்தச் சோதனையை ஆசிட்டுக்கும் மெஷினுக்கும் முன்னால் செய்திருந்தால் ஒன்பது கல் பிழைத்திருக்கும்.

கோடை விடுமுறை வரும்வரை காத்திருந்தேன். சித்திரை வெயிலில் நடுப்பகலில் இதைச் செய்ய முடியாது. ரிமூவர் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிப்பேன். சுவரின் அந்தப் பக்கத்தில் வெயில் வராதபடி தார்ப்பாய் கட்டிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஆறு அல்லது ஏழு கல், அதற்கு மேல் இல்லை. உலர்ந்த கல்லின் மேல் ரிமூவரைக் கனமாக, ஒரே திசையில் பூச வேண்டும்; பெயிண்ட் அடிப்பதுபோல மேலும் கீழும் இழுக்கக் கூடாது. மேலே பாலித்தீன் தாளை ஒட்டிவிட்டால் ஆவியாகாமல் நிற்கும். அரை மணி நேரத்தில் பெயிண்ட் சுருக்கம் விழுந்து கிளம்பும். அதை மூங்கில் சீவலால் வழித்து எடுத்தேன். மூங்கில்தான் சரி, கல்லைக் கீறாது, பள்ளத்துக்குள்ளும் போகும். கழுவுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குக் கீழே இருக்கிற கல்லையெல்லாம் நன்றாகத் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும். ஏற்கெனவே தண்ணீர் குடித்த கல், வழிந்து வருகிற அழுக்கைக் குடிக்காது. முதல் நாள் இதை மறந்துவிட்டேன், கீழே இரண்டு வரிசைக்கு இளம்பச்சை இறங்கிவிட்டது. அப்புறம் தேங்காய் நாரில் துளி சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவினேன். நார் எவ்வளவு நல்ல பொருள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ரிமூவரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் வாங்கிய டின்னில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தது. தோலில் பட்டால் எரிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். மூடிய இடத்தில் ஆளையே மயக்கிக் கொன்றுவிடக் கூடியது. திறந்த வெளியில் மட்டும், காற்று முதுகுப் பக்கமிருந்து வருமாறு நின்று செய்யுங்கள். கொரோனா காலத்துத் துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. மெல்லிய ரப்பர் கையுறையை அது ஊடுருவிவிடும்; நான் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு மணிக்கட்டில் ரூபாய் அளவுக்குப் புண் வாங்கினேன். அதன் பிறகு கனமான கெமிக்கல் கையுறையும் கண்ணாடியுமாக 450 ரூபாய்க்கு வாங்கினேன். அம்மாவை அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் உட்கார வைத்துவிடுவேன்.

ரிமூவர் மேலே இருந்த தோலை எடுத்துவிட்டது. ஆனால் நாங்கள் டர்பன்டைன் ஊற்றி உள்ளே ஓட்டிவிட்ட பச்சை, கல்லின் துளைகளுக்குள் சாயம்போல நின்றது. இதற்குத்தான் பெரியவர் பற்றுப் போடச் சொன்னார். வீக்கத்துக்குப் போடுவோமே, அதே மாதிரி. நாட்டு மருந்துக் கடையில், முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டி எட்டு கிலோ வாங்கினேன், கடைக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். அதை, பெயிண்டை இளக்குகிற என்.சி. தின்னர் என்ற திரவத்தில் இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, கால் அங்குலக் கனத்துக்குக் கல்லில் அப்ப வேண்டும். பாலித்தீனால் மூடி ஓரத்தை ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் தாளை எடுத்துவிட்டுக் காய விட வேண்டும். தின்னர் உள்ளே போய்ப் பெயிண்டை இளக்குகிறது. மட்டி காயும்போது அந்தத் திரவத்தைத் தன் பக்கம் இழுக்கிறது, பெயிண்டும் அதோடு வெளியே வருகிறது. காய்ந்த மட்டி தானாக வெடித்து உதிரும். அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், இளம்பச்சை. அதைப் பார்த்த அன்று நான் அழுதேவிட்டேன். நான்கு மாதத்தில் முதல்முறையாகக் கறை கல்லுக்கு உள்ளே போகாமல் வெளியே வந்திருந்தது.

ஒரே தடவையில் போகாது. சில கல்லுக்கு மூன்று பற்று, மோசமானவற்றுக்கு ஏழு. ஒவ்வொரு தடவையும் புது மட்டி. பழையதை மறுபடி குழைத்தால் எடுத்த பெயிண்டைத் திருப்பி உள்ளே அனுப்புகிறீர்கள். தின்னர் பெட்ரோல்போலப் பற்றிக்கொள்ளும், அதனால் பக்கத்தில் பீடி, விளக்கு, வெந்நீர் அடுப்பு எதுவும் ஆகாது. உதிர்ந்த மட்டியையும் வழித்த பெயிண்டையும் வாய்க்காலில் தள்ளிவிடாதீர்கள், அந்தத் தண்ணீர் யாருடைய வயலுக்கோ போகிறது. நான் எல்லாவற்றையும் திறந்த வெளியில் நன்றாக உலர்த்தி, பழைய டப்பாவில் மூடி, என்ன இருக்கிறது என்று சொல்லி ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுத்தேன்.

ஆனி முடிவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு பச்சை போய்விட்டது. மிச்சமிருந்த மங்கல் நிழலுக்குப் பெரியவர் காட்டிய வழி எளிமையானது. கொல்லையில் கிடந்த அதே காளவாய்க் கல்லின் உடைந்த பாதியை எடுத்து, தண்ணீர் தொட்டு, கறையின் மேல் லேசாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். கல்லைக் கல் தேய்க்கும்போது இரண்டும் ஒரே கடினம், அதனால் ஆழமாக வெட்டாது. அதன் செந்தூளே பள்ளத்தில் நிரம்பி நிறத்தையும் கொடுக்கிறது. வீட்டில் பழைய செங்கல் மிச்சம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடையில் வாங்குகிற வேறு கல் இந்த நிறத்துக்கு வராது.

இதற்கு நடுவில் பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுக் கிணற்றுச் சுற்றுச்சுவரில் வெள்ளை எமல்ஷன் தெறித்துவிட்டது, என்னை வந்து கேட்டார். எமல்ஷன் தண்ணீரில் கலந்த பெயிண்ட், அதற்கு இத்தனை பாடு வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே நிறையத் தண்ணீர் விட்டு நாரால் கழுவினால் போய்விடும். காய்ந்துவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்தால் இளகி, மூங்கிலால் நெம்பினால் தோலாக உரியும். ஒரு நாளில் முடித்தார். எனவே என்ன பெயிண்ட் என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள், டப்பாவைத் தேடிப் பாருங்கள். டப்பாவே இல்லாத பழைய கறை என்றால் இன்னும் கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர வைத்துத் தேய்த்துத் தூள் பறக்க விடக் கூடாது, அதுவும் குழந்தைகள் இருக்கிற வீட்டில்.

ஆவணியில் பெரியவர் இரண்டு நாள் வந்து, ஆசிட் தின்ற இடுக்குகளைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரை வைத்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பை முன்கூட்டியே ஊற வைத்து, சலித்த மணலும் செங்கல் தூளும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் அரைத்தார். வைத்த பிறகு ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாள் காயாமல் பார்த்துக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தையில் சுவர் காய்ந்தபோது வெள்ளையாக உப்புப் பூத்தது. எனக்குப் பகீரென்றது. அது நான் ஊற்றிய ஆசிட் விட்டுப்போன உப்பும் சேர்ந்ததுதான். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும் என்பதால், உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி முறத்தில் பிடித்துக் கொட்டினேன். மூன்று தடவை பூத்தது, பிறகு குறைந்துவிட்டது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டர்பன்டைன், வயர் பிரஷ், ஆசிட், மெஷின் வேலை என்று தப்பான வழியில் போனது 3,690 ரூபாய். ரிமூவர், மட்டி, தின்னர், கையுறை, பாலித்தீன், சுண்ணாம்பு, பெரியவர் கூலி என்று சரியான வழியில் 6,000. பணத்தைவிட, ஒரு கோடை விடுமுறை முழுதும் போனதுதான் பெரிது. அம்மாவை அந்த வருடம் எங்கேயும் அழைத்துப் போக முடியவில்லை.

மெஷினில் தோல் போன ஒன்பது கல்லை என்ன செய்வது என்று கேட்டதற்குப் பெரியவர், “கல்லுக்கு ரெண்டு முகம் இருக்குல்ல” என்றார். சுற்றியிருந்த காரையை உளியால் மெதுவாக எடுத்து, ஒவ்வொரு கல்லாக வெளியே இழுத்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி வைத்தார். இரண்டு உடைந்துவிட்டன; அவற்றுக்குக் கொல்லையில் இருந்த கல் போதுமானதாக இருந்தது. ஏழு திரும்பின. 37 வருடமாக வெயில் படாத முகம், மற்றதைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. அதில் நெல் உமி எரிந்துபோன தடங்கள் கோடுகோடாக அப்படியே இருக்கின்றன. அம்மா பக்கத்தில் வந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த உமி எந்த மில்லில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தது என்று சொன்னார்.

இந்த வருடம் கேட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தோம், அதே தம்பிதான். கீல் ஆணியைக் கழற்றிக் கேட்டை வாசலுக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் மேல் படுக்க வைத்து அடித்தார். டப்பாவை ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் தரையில் வைத்து, அதிலிருந்து சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டார். தூணில் மாட்டியே ஆக வேண்டிய கீல் பகுதியை அடிக்கும்போது மட்டும் மதிலுக்குப் பழைய புடவையும் அதன் மேல் பாலித்தீனும் கட்டினோம். உமிச் சாக்கை நான் காலையிலேயே வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தேன்.